ஸ்டீராய்டுக்குத் தழும்பு கேட்குமா?

வேலூரிலிருந்து வாசகர் ஒருவர் சென்ற மாதம் எழுதியிருந்தார். 68 வயதான அவருடைய தந்தைக்கு இரண்டு ஆண்டுகளாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து ‘நுரையீரல் ஃபைப்ரோசிஸ்’ என்று சொன்ன முதல் மருத்துவர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினாராம். நான்கு மாதம் கழித்துப் பார்த்த இரண்டாம் மருத்துவரோ, அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்கிறாராம். ‘மாத்திரை சாப்பிட்ட முதல் மாதம் அப்பாவுக்கு நன்றாகப் பசி எடுத்தது, தெம்பாக நடமாடினார். அப்படியிருக்க ஏன் நிறுத்த வேண்டும்? இருவரில் யார் சொல்வது சரி?’ என்று கேட்டிருந்தார்.

நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் திசு தழும்பேறிப் போவது, பல நோய்கள் வந்து சேரும் ஒரே ஊர். நோயாளி எந்த வழியாக அங்கே வந்தார் என்பது தெரியாமல் ஸ்டீராய்டு நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்று சொல்ல முடியாது. எனவே அவரிடம் மூன்று விவரங்கள் கேட்டு எழுதினேன்: சி.டி. அறிக்கையில் உள்ள சொற்கள் என்ன, வீட்டில் புறா, கிளி, ஏர் கூலர் ஏதேனும் உண்டா, மூட்டு வலியோ குளிரில் விரல் நுனி வெளுத்துப்போவதோ உண்டா. அவர் பதில் எழுதுவதற்குள் நோயின் உள்விவகாரத்தைப் பார்த்துவிடலாம்.

நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருப்பதும், அவற்றின் சுவர் வழியாக ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போவதும் பள்ளிப் பாடம். அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அந்த இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து சுவர் தடித்தால் ஆக்சிஜன் கடப்பதும் கடினம், பை விரிவதும் கடினம். இத்தகைய நோயாளியின் முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால், இரத்த அழுத்தம் பார்த்து முடித்தபின் கையில் சுற்றிய பட்டையைப் பிரிக்கும்போது கேட்குமே, அதே சரசரப்பு ஒவ்வொரு மூச்சின் இறுதியிலும் கேட்கும். மூடிக்கிடந்த நுண்ணிய காற்றுவழிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து திறக்கும் ஓசை அது.

ஸ்டீராய்டு இந்தக் கதைக்குள் வந்தது தற்செயல் அன்று. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையோடு கிடந்த முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் ஊசி போட்டு எழுந்து நடக்க வைத்தார். இரண்டே ஆண்டுகளில் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியுடன் சேர்ந்து உட்கருவுக்குள் போகிறது; அங்கே அழற்சியைத் தூண்டும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களின் வாயை அடைக்கிறது. அழற்சி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்த மருந்து எடுபடும் என்று மருத்துவ உலகம் நம்பியதில் வியப்பில்லை.

நுரையீரல் தழும்பு நோயையும் அழற்சியாகவே கருதினார்கள். பிரிட்டனில் அதற்கு இட்ட பழைய பெயரிலேயே ‘ஆல்வியோலைட்டிஸ்’, அதாவது காற்றுப் பைகளின் அழற்சி, என்ற சொல் இருந்தது. முதலில் அழற்சி, அது ஆறாமல் நீடித்தால் தழும்பு, ஆகவே அழற்சியை அடக்கினால் தழும்பைத் தடுக்கலாம்: வாதம் கச்சிதமானது. போதாததற்கு, அந்நாளில் இப்பெயரின்கீழ் அடைக்கப்பட்ட நோயாளிகளில் சிலர் உண்மையிலேயே ஸ்டீராய்டால் தேறினார்கள். அவர்களுள் பலருக்கு இருந்தது வேறு நோய் என்பது 1990-களிலும் அதன் பின்னரும், திசுவைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பிரித்தறியக் கற்றபின்தான் புரிந்தது. இன்னொரு காரணம் வாசகரின் கடிதத்திலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், மனத்துக்கு உற்சாகம் தரும். நுரையீரலில் எதுவும் மாறாதபோதும் நோயாளி தேறிவிட்டதாக வீடே நம்பும்.

காரணம் தெரியாமல் வரும் தழும்பு நோயை இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஐ.பி.எஃப்., என்கிறார்கள். அதன் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் எவருக்கும் முதலில் உறைப்பது அங்கே அழற்சிச் செல்கள் எவ்வளவு குறைவு என்பதுதான். ஒரு பக்கம் பழைய, இறுகிய, இளஞ்சிவப்புச் சாயமேறிய தழும்பு; அதை ஒட்டியே ஏறக்குறைய நலமான காற்றுப் பை; இரண்டுக்கும் எல்லையில் நார்ச்செல்களின் சிறு திட்டுகள். புதிய தழும்பை நெய்யும் தறிகள் அவைதாம். தறி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் தீப்பிடித்ததற்கான அடையாளம் அக்கம்பக்கத்தில் இல்லை.

அப்படியானால் தறியை ஓட்டுவது எது? எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்; நோயில் பிடித்த பகுதி என்று சொல்வது முறையா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

டி.ஜி.எஃப். பீட்டா என்றொரு சமிக்ஞைப் புரதம் உண்டு. நார்ச்செல்லிடம் ‘கொலாஜன் நெய்’ என்று கட்டளையிடுவது அதுவே. உடல் இதைத் தேவைப்படும்போது தயாரிப்பதில்லை. முன்கூட்டியே தயாரித்து, இன்னொரு புரதத்தால் உறைபோட்டு மூடி, செல்களுக்கு வெளியே உள்ள நார்வலையில் கட்டித் தொங்கவிட்டு வைக்கிறது. உறைக்குள் இருக்கும்வரை அது ஊமை. உறையின் ஒரு முனை நார்வலையில் கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு முனையைக் காற்றுப் பையின் உட்சுவர்ச் செல்லிலிருந்து நீளும் இன்டெக்ரின் என்ற புரதக் கை பற்றிக்கொள்கிறது. ஆல்ஃபா வி பீட்டா 6 என்ற வகை இன்டெக்ரினுக்கு இந்த உறையைத் திறக்கும் ஆற்றல் உண்டென்று 1999-இல் தெரியவந்தது. அது எப்படித் திறக்கிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. அது நொதியால் கரைப்பதில்லை, வெட்டுவதில்லை, இழுக்கிறது.

மளிகைக்கடை வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை நினைத்துப் பாருங்கள். கீழ்முனையைப் பிடித்து ஒன்றைப் பிய்க்க முயன்றால் சரம் முழுவதும் கையோடு வருகிறதே தவிரப் பாக்கெட் பிய்வதில்லை. கடைக்காரர் இன்னொரு கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுக்கிறார்; அது பிய்கிறது. இழுக்கும் வலு இரண்டு தடவையும் ஒன்றுதான். மறுமுனை அசையாமல் நின்றதா என்பதுதான் வேறுபாடு.

நலமான நுரையீரலின் நார்வலை மிக மெத்தென்றது. செல் இழுத்தால் வலையும் சேர்ந்து வரும், உறை திறக்காது. தழும்பேறிய வலையோ விறைப்பானது. நலமான நுரையீரல் திசுவின் விறைப்பு ஏறக்குறைய 2 கிலோபாஸ்கல் என்றால், தழும்பேறிய திசுவில் அது 16 கிலோபாஸ்கலைத் தாண்டியிருப்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். அந்த விறைப்பில் மறுமுனை அசையாது; அதே இழுப்புக்கு உறை நெகிழ்ந்து டி.ஜி.எஃப். பீட்டா வெளியே வருகிறது. அது நார்ச்செல்லைத் தசைச்செல் போல இழுக்கும் வலுவுள்ள செல்லாக மாற்றுகிறது, மேலும் கொலாஜனை நெய்யச் சொல்கிறது; வலை இன்னும் விறைக்கிறது; அடுத்த இழுப்பில் இன்னும் அதிகம் வெளிவருகிறது. தொடக்கத்தில் நுரையீரலை எது காயப்படுத்தியதோ, புகையோ தூசியோ வயதால் களைத்த செல்களோ, அது விலகிய பின்னும் தழும்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இந்தச் சுழற்சியில் ஸ்டீராய்டு கைவைப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். அது அடைக்கும் வாய்கள் அழற்சி மரபணுக்களுடையவை. இங்கே நடப்பது செல்லுக்கு வெளியே ஒரு கயிற்றிழுப்பு. ஏற்கெனவே முறுக்கிப் பின்னப்பட்ட கொலாஜனைக் கரைக்கும் ஆற்றலும் ஸ்டீராய்டுக்குக் கிடையாது.

இவ்வளவு தெளிவாக இப்போது சொல்ல முடிகிறது. ஆனால் மருத்துவர்களை மனம் மாற்றியது இந்த விளக்கம் அன்று, ஓர் எண்ணிக்கை. ஐ.பி.எஃப். நோயாளிகளுக்குப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின், அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது 2000-களில் வழக்கமாக இருந்தது. வெற்று மாத்திரையோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட அமெரிக்காவில் ‘பாந்தர்’ என்ற சோதனை நடந்தது. 2011-இல் பாதி வழியில் கணக்குப் பார்த்தபோது, மூன்று மருந்தும் பெற்ற 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 78 பேரில் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் முறையே 23 பேரும் 7 பேரும். மூச்சுத் திறனில் ஆதாயம் எதுவும் இல்லை. அந்தப் பிரிவை அங்கேயே நிறுத்தினார்கள். மூன்றில் எது எவ்வளவு கேடு செய்தது என்று இதைவைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர்கள் குட்டையாக இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஐ.பி.எஃப். நோயாளிகளில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

பாந்தர் சோதனைக்குப் பெரும்பாலும் அரசுப் பணமே செலவானது. காப்புரிமை முடிந்த மலிவான மாத்திரை பயனற்றது என்று நிறுவுவதற்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. சென்னையிலும் இத்தகைய ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்பதைக் குலுக்கல் முறைச் சோதனையால் 1959-இல் காட்டியது. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. பழைய வழக்கம் சரிதானா என்று சோதிக்கும் ஆய்வுக்கு நம் நாட்டில் இன்று ஒதுக்கப்படும் பணம் போதாது என்பது என் கருத்து.

இதிலிருந்து ‘ஃபைப்ரோசிஸ் என்றாலே ஸ்டீராய்டு கூடாது’ என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களோடு வரும் சில வகை நுரையீரல் பாதிப்பு, ஒவ்வாமையால் வரும் நிமோனைட்டிஸ் ஆகியவற்றில் உண்மையான அழற்சி இருக்கிறது. அங்கே ஸ்டீராய்டு வேலை செய்யும். ஆர்கனைசிங் நிமோனியா என்ற வகையில் சில நாள்களிலேயே மூச்சு சீராவதுண்டு. மாறாக, விரல் நுனி வெளுத்து தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மாவில் அதிக அளவு ஸ்டீராய்டு சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடும். மூன்றாம் கேள்வியை நான் கேட்டது இதற்காகவே.

இரண்டாம் கேள்விக்குக் காரணம் இந்தியக் கணக்கு. 19 நகரங்களில் நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரைப் பதிவுசெய்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐ.பி.எஃப். 13.7 சதவீதம்தான், ஒவ்வாமை நிமோனைட்டிஸ் 47.3 சதவீதம், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் புழங்கியவர்கள். கூலரின் ஈரத் தட்டியில் வளரும் பூஞ்சையும், புறாவின் எச்சமும் இறகுத்தூளும் பெயர்பெற்ற குற்றவாளிகள். புறாவின் சிறகுக் காற்று பட்டால் வாதம் போகும் என்று நம்பிப் படுக்கையறை ஜன்னலிலேயே கூண்டு வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையைக் குறை சொன்னால் கோபிப்பார்கள், ஆனாலும் கூண்டை அப்புறப்படுத்தாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்தான். இந்த ஒவ்வாமை நோயும் முற்றினால் தழும்பாகும். அப்போது அழற்சி எவ்வளவு மிச்சம், தழும்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்க முடியும்.

தராசின் மறுதட்டில் உள்ளவையும் அற்பமானவை அல்ல: சர்க்கரை ஏறுதல், எலும்பு தேய்தல், கண்புரை, தொடைத் தசை மெலிதல், உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளுதல். காசநோய்க் கிருமி உடலில் ஒளிந்திருப்போர் இவ்வளவு பேர் உள்ள நாட்டில் கடைசியாகச் சொன்னதை மறக்கவே கூடாது. ஐ.பி.எஃப். நோயாளிக்குத் திடீரென மூச்சு மோசமாகும் கட்டத்தில், வேறு வழியில்லாததால், ஸ்டீராய்டு இன்றும் கொடுக்கப்படுகிறது. அதற்கான சான்று பலவீனமானது. அதோடு, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்த்துப் பார்த்த பிரெஞ்சுச் சோதனையில், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் மூன்று மாத இறப்பு 31 சதவீதம். இரண்டும் பெற்றவர்களில் அது குறையவில்லை, 45 சதவீதமாக இருந்தது.

தழும்பு நெய்வதையே குறிவைக்கும் பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ஆகிய இரண்டுக்கும் 2014-இல் வலுவான சான்றுகள் வந்தன. நின்டெடனிப் சோதனை ஒன்றில், ஊதித்தள்ளும் காற்றின் அளவு ஆண்டுக்கு 240 மில்லிலிட்டர் குறைவதற்குப் பதில் 115 மில்லிலிட்டர் குறைந்தது. தேய்வின் வேகம் மட்டுமே குறைகிறது. போன நுரையீரல் திரும்பி வருவதில்லை. நின்டெடனிப் வயிற்றுப்போக்கையும், பிர்ஃபெனிடோன் குமட்டலையும் வெயில் பட்டால் தோல் எரிச்சலையும் தரும்.

வாசகரின் பதில் போன வாரம் வந்தது. மூட்டு வலி, விரல் வெளுத்தல் எதுவும் இல்லை. சி.டி. அறிக்கையில் ‘இரு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தேன்கூட்டுத் தோற்றம்’ என்றிருக்கிறது, அது ஐ.பி.எஃப். பக்கம் சாய்கிறது. ஆனால் எட்டுக் கோடையாக அப்பா ஒரே கூலரின் எதிரில்தான் படுத்திருக்கிறாராம்; இது மறுபக்கம் சாய்கிறது. முற்றிய ஒவ்வாமை நோயிலும் தேன்கூடு தோன்றும் என்பதால் என்னால் இதைத் தீர்க்க முடியாது. நுரையீரல் மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். நான்கு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஊதுசோதனை எண்கள் இரண்டும் கையில் இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி இத்தனை நாள் ஓய்வில் இருந்துவிட்டது, சட்டென்று நிறுத்தினால் அது எழுந்திருக்காது என்று எழுதினேன். கூலரை அன்றைக்கே கழற்றிப் பார்த்ததாகவும், தட்டியின் பின்புறம் முழுவதும் கருப்பாகப் பூத்திருந்ததாகவும் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்.