தயிர் புளித்தாலும் பல் கரையாதது ஏன்?

"காபியை விட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கிறேன். எடை குறைந்திருக்கிறது. ஆனால் ஐஸ் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருக்கலாம். விரிசல், சொத்தை, ஈறு இறங்குவது என்று கூச்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மற்றபடி, எலுமிச்சை கொழுப்பைக் கரைக்கிறதோ இல்லையோ, பல்லின் கடினமான மேலுறையான எனாமலை நன்றாகவே கரைக்கும்.

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள்தான். கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு மூன்றும் அடுக்கடுக்காகக் கோத்த ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம் அது. அதைக் கட்டிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே போய்விடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் போனால் போனதுதான். அமிலத்தன்மையைக் காட்டும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் இந்தப் படிகம் கரையத் தொடங்கும் என்பது பல் மருத்துவப் பாடம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்தாலும் 3-க்குப் பக்கத்திலேயே நிற்கும். பி.எச். என்பது மடக்கைக் கணக்கு, ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பதால், 5.5-ஐவிட 3-இல் ஹைட்ரஜன் அயனிகள் 300 மடங்குக்கும் அதிகம்.

சரி, தயிரின் பி.எச். என்ன? 4 முதல் 4.5 வரை. பாடத்தின்படி பார்த்தால் தினமும் தயிர் சாதம் சாப்பிடுகிறவர்களுக்குப் பல்லே மிஞ்சக் கூடாது. மிஞ்சுகிறது. ஏன் என்பதில்தான் எனக்குப் பிடித்த வேதியியல் இருக்கிறது.

அமிலம் படிகத்தை நேரடியாகக் கடித்துத் தின்பதில்லை. படிகத்திலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் எச்சிலுக்குள் பிரிந்து வருவதும், திரும்பிப் போய் ஒட்டுவதும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. அமிலம் வந்ததும் அதன் ஹைட்ரஜன் அயனிகள், வெளியே வந்த ஹைட்ராக்சைடைப் பிடித்துத் தண்ணீராக்குகின்றன. பாஸ்பேட்டோடு சேர்ந்து அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. திரும்பி ஒட்ட ஆள் இல்லை. ஏற்பட்ட பற்றாக்குறையை நிரப்பப் படிகம் மேலும் கரைகிறது. எலுமிச்சையில் இன்னொரு வம்பும் உண்டு. சிட்ரேட் அயனி, மிச்சமிருக்கும் கால்சியத்தையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

தயிரில் இந்தப் பற்றாக்குறையே வருவதில்லை. பாலில் இருக்கும் கால்சியத்தில் பெரும்பகுதி, பாஸ்பேட்டோடு சேர்ந்து கேசீன் புரத உருண்டைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. பி.எச். இறங்க இறங்க உருண்டைக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைந்து, தயிர்த் தெளிவுக்குள் வந்துவிடுகிறது. அதாவது, பல்லைக் கரைக்க வேண்டிய அமிலம் முதலில் பாலின் கால்சியத்தைக் கரைத்து வெளியே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. ஏற்கெனவே இறுகிய சர்க்கரைப் பாகில் இன்னும் ஒரு கைப்பிடி சர்க்கரையைப் போட்டால் கரையாது அல்லவா, அந்தக் கதைதான். பல்லைச் சுற்றியிருக்கும் திரவத்திலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கும்போது, பல்லிலிருந்து எடுத்துக்கொள்ள அதற்குத் தேவை இல்லை. 5.5 என்பது கல்லில் பொறித்த எண் அல்ல. சுற்றியுள்ள திரவத்தைப் பொறுத்து மேலும் கீழும் நகரும். கால்சியம் சேர்த்த ஆரஞ்சுச் சாறு சாதாரணச் சாற்றைவிடப் பல்லைக் குறைவாக அரிப்பதும் இதனால்தான்.

ரசம், புளிக்குழம்பு, நெல்லிக்காய்ச் சாறு என்று நாம் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் பி.எச். எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அளந்து ஒரு பட்டியல் போடக் கல்லூரி ஆய்வகமே போதும். ஆனால் இப்படிப்பட்ட வேலைக்கு நிதி கேட்டுப் போனால், "இதில் என்ன புதுமை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

இனி, நல்ல பழக்கம் என்று நாம் தொடங்கும் மற்ற விஷயங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் பேரீச்சை, உலர் திராட்சை என்று நாள் முழுக்கக் கொறிப்பவர்கள் பலர். வாய்ப் பாக்டீரியாவுக்கு அது இயற்கைச் சர்க்கரையா கடைச் சர்க்கரையா என்ற பேதம் கிடையாது; எதையும் அமிலமாக்கிவிடும். பேரீச்சை பல் இடுக்கில் வேறு ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை பட்டதும் பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலத்தின் பி.எச். சில நிமிடங்களில் சரிவதையும், மெல்லத்தான் மீள்வதையும் பல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களிலேயே அளந்து காட்டினார். மீள அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஐந்து பேரீச்சையைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் தின்றால் ஒரு சரிவு. மணிக்கு ஒன்றாகத் தின்றால் ஐந்து சரிவு. எலுமிச்சைத் தண்ணீருக்கும் இதே கணக்குதான்: பாட்டிலில் ஊற்றி வைத்து மதியம்வரை உறிஞ்சுவதுதான் மோசம்.

விடவே முடியாது என்றால் ஒரேயடியாகக் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள்; அமிலம் பட்ட மேற்பரப்பு அப்போது இளகி இருக்கும். எச்சில் அதைக் கொஞ்சமாவது இறுக வைக்கட்டும். முன்னாடியே துலக்கிவிட்டால் இன்னும் நல்லது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றே போகிறது, அதனால் படுக்கப் போகும்முன் தேன் கலந்த பால் குடித்துவிட்டு அப்படியே கண் மூடுவது சரியில்லை.

அப்புறம் இந்த 'கெமிக்கல் இல்லாத' பற்பசை. கரியும் உப்பும் போட்டுப் பல்லைத் தேய்ப்பது இயற்கை, ஃபுளூரைடு விஷம் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. ஃபுளூரைடு சேர்ந்த எனாமல் படிகம் கரைய பி.எச். 4.5 அளவுக்கு இறங்க வேண்டும். அந்த ஒரு எண் வித்தியாசம் என்பது பத்து மடங்கு அமிலம். கரியில் அப்படி எதுவும் கிடையாது, தேய்மானம்தான் மிச்சம். தருமபுரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறை படிந்ததும் ஃபுளூரைடால்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அது பல் உருவாகும் வயதில், நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருந்ததை வருடக்கணக்கில் விழுங்கியதால் வந்தது. பற்பசையைத் துப்பிவிடுகிறோம். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்கு அரிசியளவு போதும்.