நியமனம் அல்ல, முன்மொழிவு

ஒரு நாடு தன் மூத்த தூதர் ஒருவரின் பெயரைப் பன்னாட்டு அமைப்பொன்றின் தலைமைப் பதவிக்கு எழுதிக் கொடுக்கிறது. மறுநாள் தமிழில் வரும் தலைப்பு: 'பொதுச்செயலாளர் பதவிக்கு இன்னார் நியமனம்'. தேர்வு முடிய இன்னும் எத்தனையோ மாதம் இருக்கும். போட்டியில் வேறு பலரும் இருப்பார்கள். காரைக்குடி கல்லுக்கட்டித் தேநீர்க் கடையில் அதைப் படிப்பவர், ஆள் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார் என்று நினைத்துக்கொள்வார். அவர்மேல் குற்றமில்லை, அச்சில் இருப்பது அதுதான்.

இங்கே 'நியமனம்' ஆக்கப்பட்ட ஆங்கிலச் சொல் 'நாமினேட்'. அது, பெயர் என்று பொருள்படும் 'நோமென்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயரைச் சொல்லுதல், அவ்வளவே. 'நியமனம்' வடமொழியில் 'யம்' என்ற வேரிலிருந்து வந்தது. கட்டுப்படுத்தல், ஒழுங்கில் நிறுத்தல் என்பது அதன் பொருள். ஆச்சிமார் 'நேமநிஷ்டை' என்பதில் இருப்பதும் அந்த வேர்தான். தமிழில் நியமனம் என்றால் பதவியில் அமர்த்துவது. 'நாமி', 'நியம' என்று காதுக்கு ஒட்டி ஒலிப்பதால் இரண்டும் உறவு என்ற மயக்கம் வருகிறது. ஒரு சொட்டு உறவும் கிடையாது.

மயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் நியாயமானது. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் 12 பேரை 'நாமினேட்' செய்கிறார். அவர்களை நியமன உறுப்பினர்கள் என்கிறோம். புதுச்சேரியின் 3 நியமன எம்.எல்.ஏ.க்களும் அப்படித்தான். இங்கெல்லாம் பெயரைச் சொல்வதும் பதவி கிடைப்பதும் ஒரே செயல், இடையில் தேர்தல் இல்லை. ஆகவே நியமனம் சரி. அதைப் பார்த்துப் பழகிய கை, 'நாமினேட்' எங்கே வந்தாலும் 'நியமனம்' என்று எழுதிவிடுகிறது.

ஐ.நா. பொதுச்செயலாளர் விஷயத்தில் அது செல்லாது. ஐ.நா. சாசனத்தின் 97ஆம் உறுப்பு, பாதுகாப்பு அவையின் பரிந்துரையின் பேரில் பொதுச்சபை பொதுச்செயலாளரை நியமிக்கும் என்கிறது. இந்த இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது ஒரு படி இருக்கிறது. பொதுச்சபைத் தலைவரும் பாதுகாப்பு அவைத் தலைவரும் சேர்ந்து உறுப்பு நாடுகளுக்குக் கடிதம் எழுதிப் பெயர் கேட்கிறார்கள். 2015இல் நிறைவேறிய 69/321 தீர்மானத்துக்குப் பிறகு இந்தக் கூட்டுக் கடிதம் முறையாகவே ஆகிவிட்டது. ஒரு நாட்டின் அரசு, பெயரையும் தன்விவரக் குறிப்பையும் இணைத்துப் பதில் அனுப்புகிறது. இந்தப் பதில்தான் 'நாமினேஷன்'. பிறகு வேட்பாளர்கள் பொதுச்சபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவரும் தடுக்கக் கூடாது. அதற்குப் பிறகே பரிந்துரை. அதற்கும் பிறகே நியமனம்.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகல் அந்தோனியோ குட்டெரெசின் பெயரை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்தது. அக்டோபர் 6 அன்று பாதுகாப்பு அவை பரிந்துரைத்தது. அக்டோபர் 13 அன்று பொதுச்சபை நியமித்தது. முதல் படிக்கே 'நியமனம்' என்று எழுதியவர், அக்டோபர் 13 அன்று என்ன எழுதுவார்? 'மீண்டும் நியமனம்' என்றா?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன காலத்தில், முதலாளியின் கடையை அங்கே நடத்தும் மேலாள் வேலைக்கு ஒருவர் பெயரை உறவினர் சொல்லலாம், வேறொருவர் வந்து நல்ல ஆள் என்று சொல்லலாம். முதலாளி சம்பளச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரை அவர் மேலாள் இல்லை. பெயர் அடிபட்டதற்காக எவரும் கப்பல் ஏறிவிடவில்லை.

தவறான சொல் செய்தியையே தலைகீழாக்கும் இடங்களும் உண்டு. பிரான்சில் பல்கேரியாவின் தூதராக இருந்தவர் இரினா பொகோவா. 2016 பிப்ரவரியில் பல்கேரியா அவர் பெயரைக் கொடுத்தது. செப்டம்பர் 28 அன்று மனம் மாறி, கிறிஸ்டலினா ஜார்ஜியேவாவின் பெயரைக் கொடுத்தது. பொகோவா விலக மறுத்துப் போட்டியிலேயே நின்றார். இதை 'நியமனம் ரத்து' என்று எழுதினால் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்றாகிவிடும். 'முன்மொழிவை மாற்றியது' என்றால் நடந்தது நடந்தபடி இருக்கும். அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலிய அரசு, முன்னாள் தூதரக அதிகாரியும் முன்னாள் பிரதமருமான கெவின் ரட்டின் பெயரைக் கொடுக்க மறுத்தது. 'நியமிக்க மறுப்பு' என்று எழுதினால், பொதுச்செயலாளரை நியமிக்கும் அதிகாரம் கான்பெராவில் இருப்பதாக அர்த்தம். 2006இல் இந்தியா சசி தரூரின் பெயரையும் இலங்கை ஜயந்த தனபாலவின் பெயரையும் கொடுத்தன. இருவரும் போட்டியிலிருந்து விலகினார்கள், தென்கொரியாவின் பான் கி மூன் நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டு நியமனம் ஒன்றுதான், முன்மொழிவுகள் பல.

'பரிந்துரை' என்று எழுதுவோர் நியமனக்காரர்களைவிடப் பரவாயில்லை. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பாதுகாப்பு அவை செய்வது பரிந்துரை என்று சாசனமே சொல்கிறது. சிபாரிசு என்ற பாரசீகச் சொல்லை இறக்கிவிட்டு நாம் ஏற்றிய நல்ல சொல் அது. பரிந்து உரைத்தல், ஒருவருக்காகப் பரிவோடு பேசுதல். ஒரே செய்தியில் போர்ச்சுகலும் 'பரிந்துரைத்தது', பாதுகாப்பு அவையும் 'பரிந்துரைத்தது' என்று வந்தால், யார் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

'வேட்புமனு' வேறு வகை. வேட்பு என்றால் விருப்பம். வேட்பாளர் தாமே கையெழுத்திட்டுத் தேர்தல் அலுவலரிடம் கொடுப்பது அது. ஐ.நா.வில் தாமே மனுப் போட்டுக்கொண்டு நிற்பதை ஏற்பதில்லை, ஓர் அரசு எழுதித் தர வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் நியமனத்தைத் துரத்திவிட்டு 'அமர்த்தம்' என்கிறார்கள். பிழையான பொருளைத் தூய தமிழில் சொல்வதால் பிழை போய்விடாது. எனக்கு நியமனத்தின் குலம் கோத்திரம் பற்றிக் கவலையில்லை, பொதுச்சபை செய்யும் வேலைக்கு அதையே எழுதுவேன்.

ஆக மிஞ்சுவது முன்மொழிவு. புதிதாகக் காய்ச்சி வார்த்த சொல்லும் அல்ல. தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ எந்தச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலும் 'முன்மொழிந்தவர்', 'வழிமொழிந்தவர்' என்று இரண்டு கையெழுத்து இருக்கும். குடியரசுத் தலைவர் தேர்தல் மனுவுக்கே 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். நன்னூல் உத்திகளில் வரும் 'முன்மொழிந்து கோடல்' வேறாயிற்றே என்று புலவர்கள் கேட்கலாம். வேறுதான், அங்கே முன் என்பது முன்னர். அதனால் இன்றைய வழக்குக்கு ஒரு குறையும் இல்லை. திட்ட அறிக்கையையும் முன்மொழிவு என்கிறார்களே என்பது வலுவான ஆட்சேபம். குழம்பும் இடத்தில் 'பெயர் முன்மொழிவு' என்று எழுதினால் தீர்ந்தது.

ஒரு விலக்கு. உலக சுகாதார நிறுவனத்திலும் யுனெஸ்கோவிலும் உறுப்பு நாடுகள் பெயர் கொடுத்த பிறகு, நிர்வாகக் குழு வடிகட்டிப் பேரவைக்கு அனுப்புவதையே அவற்றின் சாசனங்கள் 'நாமினேஷன்' என்கின்றன. 2017இல் முடிந்த உலக சுகாதார நிறுவனத் தேர்வில் நாடுகள் கொடுத்த பெயர்கள் 6. குழு 3 பேரை அனுப்பியது. பேரவை வாக்கெடுத்து டெட்ரோசைத் தலைமை இயக்குநராக நியமித்தது. இங்கே நாடுகள் செய்ததைப் 'பெயர் கொடுத்தன' என்றும், குழு செய்ததை 'முன்மொழிந்தது' என்றும் பிரித்து எழுதலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பழைய கதைதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே இதிலெல்லாம் தெரிகிறது. பாதுகாப்பு அவை நடத்தும் மாதிரி வாக்கெடுப்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரா போல்' என்று பெயர், அதை 'வைக்கோல் வாக்கெடுப்பு' என்று எழுதும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். தூதரகத்தில் வேலை பார்ப்பவர் எல்லோரும் இவர்களுக்குத் 'தூதர்'. ஒரு நாட்டுக்கு ஒரு நாடு அனுப்பும் தூதர் ஒருவர்தான், மற்றவர்கள் தூதரக அதிகாரிகள். 'டிப்ளமேட்' என்பதை 'இராஜதந்திரி' என்றால் இங்கே சூழ்ச்சிக்காரர் என்ற வாடையும் சேர்ந்து வருகிறது. ஒருவரைப் பன்னாட்டுப் பதவிக்கு முன்மொழியும் செய்தியில் அந்த வாடை வேண்டாம்.