பரிணாமப் பாடத்தை யார் தீர்மானிப்பது?

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் எடுக்கும்போது வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், டார்வின் சொன்னது கொள்கைதானே, உண்மை இல்லையே?" தப்பு பிள்ளை மேல் இல்லை. கட்சிக்கும் கொள்கை, டார்வினுக்கும் கொள்கை என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம் என்று அது நினைத்துக்கொள்கிறது. நான் கையை நீட்டி, முழங்கைக்கு மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, மணிக்கட்டில் சின்னச் சின்னதாக எட்டு, அப்புறம் விரல்கள் என்று தொட்டுக் காட்டிவிட்டு, திமிங்கிலத் துடுப்பின் படத்தைப் பக்கத்தில் வைப்பேன். அதே வரிசை. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததற்கு இது ஒரு சான்று.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் டோவர் என்ற சிற்றூரில், இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே பாடத்திட்டத்தில் கடைசி வார்த்தை ஊர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்துடையது. 2004 அக்டோபரில் 6-க்கு 3 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதன்படி, டார்வின் கொள்கை உண்மை அல்ல, அதில் ஓட்டைகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது) என்ற வேறு விளக்கமும் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியம் சிபாரிசு செய்த புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளை வரவழைத்துப் பார்த்தபோது, அதில் முதலில் இருந்தது 'படைப்புவாதிகள்', அதாவது உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பவர்கள், என்ற சொல். படைப்புவாதத்தை அறிவியலாகக் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்ன பிறகு, அதை அழித்து 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் சரியாக அழிக்காமல், பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் புதுச் சொல்லின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. பள்ளி வாரியக் கூட்டத்தில் இதை யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். குறுக்கு விசாரணையும் ஆவணமும் இருக்கிற இடத்தில்தான் இது வெளியே வரும்.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு கொடுத்தார்: இது அறிவியல் அல்ல. அதற்கு ஆறு வாரம் முன்பே தேர்தலில் நின்ற பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தார்கள்.

சரி, அப்படியானால் நீதிமன்றத்திடமே விட்டுவிடலாமா? கூடாது என்றுதான் சொல்வேன். அரசு மதத்தைப் பரப்பக் கூடாது என்று அவர்களின் அரசியல் சாசனம் சொல்வதால்தான் டோவரில் நீதிபதியால் தடுக்க முடிந்தது. மதத்தின் பேரே எடுக்காமல் பாடத்தை மட்டும் சத்தமில்லாமல் நீக்கினால்? கன்சாஸ் மாநில வாரியம் 1999-ல் பரிணாமத்தின் பெரும்பகுதியைத் தன் கல்வித் தரத்திலிருந்து எடுத்துவிட்டது. கற்பிக்கத் தடை இல்லை, மாநிலத் தேர்வில் வராது, அவ்வளவுதான். தேர்வில் வராத பாடத்துக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எந்த ஆசிரியரையும் கேளுங்கள். அங்கே தேர்தலுக்குத் தேர்தல் பாடம் மாறியது: 2001-ல் திரும்ப வந்தது, 2005-ல் மறுபடி திருத்தினார்கள், 2007-ல் மறுபடி சரிசெய்தார்கள். இடையில் படித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு யார் திரும்ப எடுப்பது?

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தத் துறையில் வேலை செய்பவர்களும் வகுப்பெடுப்பவர்களும் முடிவு செய்யட்டும். வாரியம் கட்டடம், சம்பளம், பஸ் எல்லாவற்றையும் பார்க்கட்டும். நீதிமன்றம் வண்டியின் பிரேக் மாதிரி இருக்கட்டும், ஸ்டியரிங்கை அதன் கையில் கொடுக்க வேண்டாம்.

நம் பக்கம் தேர்தலும் இல்லை, வழக்கும் இல்லை. 2023-ல், சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் பாடநூல் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமப் பகுதி போய், மரபு மட்டும் மிஞ்சியது. 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறது, ஆனால் அந்தக் குரூப் எடுக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தானே அது கிடைக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளை சிபிஎஸ்இ என்றால் இன்றைக்கே புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் பள்ளியில் கேளுங்கள். அதுவரை, பிள்ளையைக் கையை நீட்டச் சொல்லி எலும்புகளைத் தொட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் ஒரு திமிங்கிலத் துடுப்புப் படம் இருந்தால் போதும்.