ஐஸ்லாந்துக்கு லாவா பாக்க போறீங்களா? மலையை தேடாதீங்க, விரிசலை தேடுங்க

மலேசியாவுல, கேஎல்-ல (கோலாலம்பூர்) மண்ணு, பாறை செக் பண்றதுதான் என் வேலை. கொண்டோ (அடுக்குமாடி வீடு) கட்டுறதுக்கு முன்னாடி போர்ஹோல் (ஆழ்துளை) போட்டு, கோர்னு சொல்ற உருளைப் பாறைத்துண்டை எடுத்து பெட்டியில அடுக்கி, எந்த ஆழத்துல என்ன இருக்குன்னு லாக் எழுதுவோம், மலையை வெட்டுன இடத்துல போயி நின்னு இது தாங்குமா சரியுமான்னு பாப்போம். இங்க எரிமலை வேலை எதுவும் கிடையாது. ஆனா 2021-ல இருந்து சொந்தக்காரங்க, சைட்ல கூட வேலை பாக்குறவங்கன்னு நிறைய பேர் கேக்குறது ஒன்னுதான், ஐஸ்லாந்துல லாவா கிட்ட போயி போட்டோ எடுக்கலாமா, பயமில்லையே?

பயம் எதுல இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். நம்ம மனசுல எரிமலைன்னா கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில வாய். ஐஸ்லாந்துல இப்ப நடக்குறது பெரும்பாலும் அப்படி இல்ல, சும்மா சமவெளியா கிடக்குற நிலம் கிலோமீட்டர் கணக்குல தையல் பிரியுற மாதிரி பிரியும், அந்த நீளம் முழுக்க நெருப்பு வரும். அங்க ரெண்டு கண்டத்தட்டும், அதாவது பூமி ஓட்டோட ரெண்டு பெரிய துண்டும், வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகுது, ஆனா வருஷா வருஷம் ஒழுங்கா அந்த 2 சென்டி திறக்காது, நூறு வருஷம் கூட இழுவையை சேத்து வச்சுட்டு ஒரே மூச்சுல மீட்டர் கணக்குல திறக்கும். அந்த இடைவெளியில மாக்மா, அதாவது நிலத்துக்கு அடியில உருகிக் கிடக்குற பாறைக்குழம்பு, ஏறி நெட்டுக்குத்தா ஒரு தகடா நிக்கும். இதைத்தான் நாங்க டைக்னு சொல்றோம். மேல வர வழியில்லன்னா அது பக்கவாட்டுலயே ஓடும். 2014-ல பார்தார்புங்கா எரிமலைக்கு கீழ இருந்து கிளம்புன டைக் ரெண்டே வாரத்துல 45 கிலோமீட்டருக்கு மேல ஓடி ஹொலுஹ்ரான்ங்கிற வெட்டவெளியில வெளிய வந்துச்சு, ஆறு மாசம் எரிஞ்சு 80 சதுர கிலோமீட்டருக்கு மேல லாவா பரவுச்சு.

ஆறிப்போன டைக்கை நம்ம நாட்டுலயே தொட்டு பாக்கலாம். குவந்தான் பக்கம் கிரானைட் குவாரியில வெள்ளைப் பாறை நடுவுல கருப்பா ஒரு பட்டை மேல இருந்து கீழ வரைக்கும் போகும். ஓரத்தை லென்ஸ் வச்சு பாருங்க, பாறையோட படிக மணி எதுவுமே தெரியாது, அவ்வளவு நுணுக்கம், ஏன்னா சுத்தி இருந்த பாறை குளிர்ச்சியில அது சட்டுனு உறைஞ்சிருக்கு. நடுவுல மெதுவா ஆறுனதால மணி பெருசு. எங்களுக்கு அதுல வேற தலைவலி, இந்த கருப்புப் பாறை நம்ம மழையில மக்கி செம்மண் களியா போயிரும், பின்னாடி தண்ணி தேங்கும், சரிவு இறங்கும்.

துளை போடுற டிரில்லர் அண்ணன் ஒருத்தர்கிட்ட ஐஸ்லாந்து வடக்குல இருக்குற க்ராஃப்லா எரிமலை கதையை சொன்னேன். 1975-ல இருந்து 1984 வரைக்கும் அந்த விரிசல் கூட்டத்துல ஒன்பது தடவை லாவா வந்துச்சு. 1977 செப்டம்பர்ல டைக் ஒன்னு தெற்கால ஓடுறப்போ, ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழமா போட்டிருந்த வெந்நீர் ஆவி போர்ஹோல்ல மாட்டி, அந்த குழாய் வழியாவே மாக்மா கொஞ்சம் மேல சீறிடுச்சு. "தம்பி, நம்ம ரிக்குக்கு (துளை போடுற மெஷின்) சேறு வந்தாலே நான் ஓடுறேன்"ன்னாரு.

சரி, ஆள் எப்படி சாகுது? லாவாவுலன்னு நினைக்கிறோம். ஐஸ்லாந்து தெற்குல இருக்குற லாகியை பாருங்க. 1783 ஜூன் 8-ல தொடங்கி 1784 பிப்ரவரி 7 வரைக்கும், 27 கிலோமீட்டர் நீள விரிசல், நூத்துக்கு மேல வாய், ஏறக்குறைய 15 கன கிலோமீட்டர் லாவா. லாகிங்கிற மலை பாவம் வெடிக்கவே இல்ல, அதுக்கு ரெண்டு பக்கமும்தான் நிலம் கிழிஞ்சுச்சு. வெளிய வந்த சல்பர் டையாக்சைடு மட்டும் சுமார் 12 கோடி டன். கூடவே ஃபுளோரின். அது புல்லுல படிஞ்சு, அதை மேஞ்ச ஆடு மாடுக்கு பல்லும் எலும்பும் கெட்டு, ஆட்டுல முக்கால்வாசிக்கு மேல செத்துச்சு, அப்புறம் பஞ்சம், நாட்டு ஜனத்துல அஞ்சுல ஒருத்தர் போயிட்டாங்க. அந்த புகை ஐரோப்பா வரைக்கும் போயி மூடி, இங்கிலாந்துலயும் அந்த வருஷம் சாவு கூடிப்போச்சு. இதை விட பெருசு அதே ஐஸ்லாந்துல இருக்குற எல்ட்கியா, 939 வாக்குல வெடிச்சது, விரிசல் 75 கிலோமீட்டர்.

அதனால கேஸ்தான் என் முதல் கவலை. நம்ம ஆளுங்க புகைமூட்டத்துக்கு பழகி என்95 மாஸ்க்கை பையில போட்டுக்கிட்டு தைரியமா போறாங்க. அது தூசியைத்தான் பிடிக்கும், சல்பர் டையாக்சைடு அதுல நேரா உள்ள போயிரும். இந்த கேஸ் காத்தை விட கனம், காத்து அடங்குனா பள்ளத்துல தேங்கும், ஆக போட்டோவுக்கு பள்ளத்துல இறங்காதீங்க, காத்து உங்க முதுகுல இருந்து லாவா பக்கம் அடிக்கிற மேட்டுல நில்லுங்க. ஆஸ்துமா இருக்குற பிள்ளையையோ வயசான அம்மாவையோ கிட்ட கூட்டிட்டு போகவே வேணாம், டூர்காரர் என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது விரிசல். ஐஸ்லாந்து தென்மேற்கு கடலோரத்துல இருக்குற கிரிண்டாவிக் ஊருக்கு அடியில 2023 நவம்பர் 10 ராத்திரி டைக் ஓடுச்சு, கிட்டத்தட்ட 3,800 பேரை அன்னைக்கே கிளப்பிட்டாங்க. 2024 ஜனவரியில அந்த ஊருல விரிசலை மண்ணு போட்டு மூடிக்கிட்டு இருந்த வேலையாள் ஒருத்தர் உள்ள விழுந்தாரு, தேடி கிடைக்கல. மேல புல்லு, கீழ வெத்து இடம். கேஎல் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல 2024 ஆகஸ்ட்ல நடைபாதை உள்வாங்குனதை பாத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்ல, ரெண்டுக்கும் காரணம் வேறன்னாலும். கயிறு கட்டி அடைச்ச இடத்தை தாண்டுறவங்களை பாத்தா எனக்கு கோவம்தான் வருது.

அப்புறம், இப்ப எரியுற இடம் மட்டும்தான் எரியும்னு நினைக்காதீங்க. 2021 ஏப்ரல் 5-ல கிரிண்டாவிக் பக்கத்துல இருக்குற ஃபாக்ரதால்ஸ்ஃபியாட்ல, முதல்ல லாவா வந்த இடத்துல இருந்து சுமார் 700 மீட்டர் தள்ளி, பட்டப்பகல்ல, புதுசா ஒன்னு திறந்துச்சு. கிரிண்டாவிக் பக்கம் நடுக்கம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள நெருப்பு வந்த தடவையும் உண்டு.

கிளம்புற அன்னைக்கு காலையில ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தோட அபாய வரைபடத்தையும் கேஸ் முன்னறிவிப்பையும் பாருங்க, மூடியிருக்குன்னு போட்டிருந்தா அன்னைக்கு வேற எங்கயாவது போங்க. திறந்திருந்தா, பார்க்கிங்ல காரை வெளிய போற ரோட்டை பாத்து ரிவர்ஸ் போட்டு நிறுத்துங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு கூட வந்த எல்லாருக்கும் தெரியட்டும்.