கடைசித் தேனைத் தேனீக்கு விடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கும், அவற்றில் இனிப்புத் துளி மினுங்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி இந்த இலைத்துளிதான். அந்த இரண்டு மூன்று மாதமும் தேனீப் பெட்டியின் மேல் அறையில் அடை கட்டியிருக்கும் சட்டங்களை மிஷினில் சுற்றிச் சுற்றித் தேன் எடுக்கலாம்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. ஜூன் மழை பிடித்துவிட்டால் தேனீ வெளியே போக முடியாது. என்னிடம் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களின் பெட்டிகளை அந்தச் சமயத்தில் திறந்து பார்க்கிறேன். கீழ் அறைச் சட்டத்தின் மேல் மூலையில் மெழுகு மூடிய தேன் துளிகூட இருக்காது. முட்டையும் அங்கொன்று இங்கொன்றுதான். ஆள் குறைந்த அடையில் மெழுகுப் பூச்சி வலை பின்னியிருக்கும். சில நாளில் பெட்டி காலியாகிவிடும். "ராசியில்லை சார், ஓடிப்போச்சு" என்பார்கள். பசியில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மரப்பொந்திலும் பானையிலும் இருந்த கூட்டைத் தேனீப் புழுவோடு சேர்த்துப் பிழிந்தார்கள். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணி மரப்பெட்டியை இங்கே பரப்பியது. புழு வளரும் கீழ் அறையைத் தொடாமல் மேல் அறைத் தேனை மட்டும் எடுக்க முடிவதுதான் அந்தப் பெட்டியின் அருமை. இன்று கீழ் அறைச் சட்டத்தையும் உருவிச் சுற்றுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

தேனுக்குப் பதிலாக வைக்கும் சர்க்கரைப் பாகு அவசரத்துக்கு உதவும். ஆனால் புழுவுக்கு மகரந்தம் வேண்டும், அது பாகிலும் இல்லை, ரப்பர் இலைத்துளியிலும் இல்லை. தென்னம்பாளை, முருங்கைப் பூ, விளையோரத்து (தோட்ட ஓரத்து) தும்பை, தொட்டாச்சிணுங்கி, இவைதான் கொடுக்கின்றன. சுத்தமாக இருக்கட்டுமென்று விளை முழுக்கக் களைக்கொல்லி அடிப்பவர்கள் தேனீயின் சோற்றில் கை வைக்கிறார்கள். ஓரத்தில் இரண்டடி அகலத்துக்காவது செடிகளை விட்டுவையுங்கள்.

பூச்சிமருந்து தவிர்க்க முடியாது என்றால் தேனீ அடங்கிய பிறகு சாயங்காலம் அடியுங்கள், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டுச் சுவர்ப் பொந்தில் பெட்டித் தேனீ கூடு கட்டினால் தீப்பந்தம் எடுக்க வேண்டாம். பெட்டி வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் கூட்டோடு எடுத்துப் போவார்.

சரி, ரப்பர் சீசன் முடிகிறது என்று தெரிந்ததும் கடைசிச் சுற்றுத் தேனை எடுக்காமல், மழைக்காலத்துக்குத் தேனீக்கே விட்டுப் பெட்டியை மூடிவிடுங்கள்.