ஆர்க்கைவ்: காப்பகமா, பொதியா?

அப்பாச்சி ஆன்ட் என்னும் மென்பொருள் கட்டமைப்புக் கருவியின் கையேட்டில், பல கோப்புகளை ஒரே கோப்பாகச் சேர்க்கும் ‘ஆர்க்கைவ்’ பணிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு. ஜிப், டார், ஜார், வார், ஜிஜிப் முதலிய பணிகளும், அவற்றுக்கு எதிரான அன்ஜிப், அன்டார் போன்றவையும் அதில் அடங்கும். இத்தலைப்பைத் தமிழில் எழுத முற்படுவோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘காப்பகம்’ என்னும் சொல்லே. அகராதிப்படி அது பிழையன்று. ஆனால் இக்கருவி உருவாக்கும் ஆர்க்கைவ் எதையும் காத்து வைப்பதில்லை. ‘கிளீன்’ என்று நிரலர்கள் வழக்கமாகப் பெயரிடும் இலக்கை (ஒரு பெயரின்கீழ் இயங்கும் பணிகளின் தொகுதியை) இயக்கியவுடன் அது அழிந்துபோகிறது. அடுத்த கட்டளையில் மூலக் கோப்புகளிலிருந்து மறுபடியும் உருவாகிறது. வேலை மும்முரமாக நடக்கும் நாளில் பலமுறை அழித்துச் செய்யப்படும் ஒன்றைக் காப்பகம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘அர்க்கே’ என்பதற்குத் தொடக்கம், ஆட்சி என இரு பொருள். ஆட்சி செலுத்தும் அதிகாரி ‘அர்க்கோன்’. அவருடைய அலுவலகம் ‘அர்க்கையோன்’. பொது ஆவணங்கள் அவ்வலுவலகத்தில் வைக்கப்பட்டமையால், இடத்தைக் குறித்த பெயர் அங்கிருந்த ஏடுகளையும் குறிக்கத் தொடங்கியது. இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றின் வழியாக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே இச்சொல்லின் பழம்பொருளில் கட்டிடம், அதிகாரம், நெடுங்காலப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இருந்தன. கோப்புகளை ஒன்றாகக் கட்டுவதோ அவற்றின் அளவைக் குறைப்பதோ அதில் இல்லை.

இப்பழம்பொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘ஆவணம்’ சங்க நூல்களில் கடைத்தெருவையும் குறிக்கும்; ஆயினும் அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் வரும் ‘ஆவணமாக்கள்’, கயிற்றால் கட்டி இலச்சினையிட்ட குடத்தின் பொறியைப் பார்த்து, அதை நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுப்பவர்கள். பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கை விசாரிக்கும் திருவெண்ணெய்நல்லூர் அவையினர், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமையோலை என்று காட்டப்பட்டதன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பில்’ இருந்து வருவிக்கிறார்கள். காவலுள்ள இடத்தில் வைத்திருந்த பழைய சான்று ஒரு வழக்கைத் தீர்க்க வெளியே வருகிறது என்றால், கிரேக்க அர்க்கையோனுக்கு அதைவிடச் சரியான நிகர் கிடைப்பது அரிது. சென்னை எழும்பூரில் 1909-இல் மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற பெயரில் அமைந்த நிறுவனம் இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று வழங்குவதும் இந்த மரபை ஒட்டியதே. வலைப்பதிவின் பழைய இடுகைகளைக் ‘காப்பகம்’ என்பதிலும் குறை காண இடமில்லை. அவை அங்கே இருப்பதற்காகவே வைக்கப்பட்டவை.

கணினித் துறைக்குள் வந்தபின் சொல்லின் பொருள் நகர்ந்தது. 1971-இல் வெளிவந்த யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் முதற்பதிப்பிலேயே ‘ஏஆர்’ என்றொரு கட்டளை இருந்தது. பல கோப்புகளை ஒரே கோப்பாக இணைப்பது அதன் வேலை. 1979-இல் ஏழாம் பதிப்புடன் ‘டார்’ வந்தது. டேப் ஆர்க்கைவ் என்னும் இரு சொற்களின் சுருக்கமே அது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதி, நாடாவைக் கழற்றி அலமாரியில் வைப்பதற்காக அது பிறந்தது; அந்த அளவில் காப்பு என்னும் பொருள் அதில் உயிரோடு இருந்தது. நாடாவின் இயல்பு இன்றும் அவ்வடிவத்தில் தங்கியிருக்கிறது: எல்லாமே 512 பைட்டுத் துண்டுகளாக அடுக்கப்படுகின்றன, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் பொருளடக்கம் எங்கும் இல்லை, கடைசிக் கோப்பை அறிய முதலிலிருந்து படித்துக்கொண்டே போகவேண்டும். பின்னர் நாடா மறைந்தது. டார் கோப்பு, ஒரு நிரலின் மூலக் குறிமுறையை (நிரலர் எழுதிய வரிகளை) மற்றொருவருக்கு அனுப்பும் வடிவமாக நிலைத்தது. வைத்துக் காத்தல் போய், கட்டி அனுப்புதல் வந்துவிட்டது. ஆங்கிலம் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

‘ஜிப்’ வந்த வழி வேறு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஃபில் காட்ஸ், 1989-இல் பிகேஜிப் என்னும் நிரலோடு இவ்வடிவத்தை வெளியிட்டார். தம் நிரல் அக்காலத்துப் போட்டி நிரல்களைவிட விரைவானது என்பதை உணர்த்தும் பெயராக, நண்பர் ஒருவர் சொன்ன ‘ஜிப்’ என்பதை அவர் ஏற்றார். ஒரு பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு விரையும்போது எழும் ஒலியைக் குறித்த ஒலிக்குறிப்புச் சொல் அது. பல்லிணைப்புக்கு ‘ஜிப்பர்’ என்ற பெயரை 1923-இல் ஒரு ரப்பர் நிறுவனம் தன் காலணிகளுக்குச் சூட்டியதும் இதே ஒலிக்குறிப்பிலிருந்துதான். திரையில் ஜிப் கோப்பின் படவுருவில் பல்லிணைப்பை வரைந்துவிட்டதால், மூடி இழுத்தல் என்பதே சொல்லின் பொருள் என்று பலர் கருதுகின்றனர். அப்பெயரை இட்டவர் கருதியது வேகத்தை. இன்றும் ஜிப் கோப்பில் ஒவ்வோர் உட்கோப்பின் தலைப்பும் காட்ஸின் பெயரெழுத்துகளான பி, கே ஆகிய இரண்டோடு தொடங்குகிறது.

அளவைக் குறைக்கும் செயலுக்கான ஆங்கிலச் சொல், ஒருசேர அழுத்துதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘அமுக்குதல்’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் இலங்கைத் தமிழில் அமுக்கம் என்பது இயற்பியலின் அழுத்தம். தாழமுக்கம், குருதி அமுக்கம் என்பன அங்கே அன்றாடச் சொற்கள். தமிழகத்திலோ அமுக்குதல் என்றால் பொத்தானை அமுக்குவதும், பிறர் பொருளை அமுக்கிக்கொள்வதும் நினைவுக்கு வரும். ‘இறுக்குதல்’ ஓரளவு பொருந்தினாலும், அதில் இடையிலுள்ள காற்றை வெளியேற்றும் கருத்தே மேலோங்குகிறது. கோப்பில் காற்று இல்லை. திரும்பத் திரும்ப வருவனவே இருக்கின்றன. ஜிப், ஜிஜிப் ஆகிய இரண்டும் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை, முன்னர் வந்த ஒரு தொடர் மீண்டும் வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், ‘இத்தனை பைட்டு பின்னால் போய், இத்தனை பைட்டு எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறிக்கிறது. கிரயப் பத்திரம் எழுதுவோர் சொத்தின் நான்கெல்லையை ஒருமுறை விரிவாக எழுதிவிட்டு, பிறகு ‘மேற்படி சொத்து’ என்று போவதைப் போன்றது இது. பின்னோக்கிப் பார்க்கும் எல்லை 32,768 பைட்டு. ஒரு குறிப்பால் எடுக்கக்கூடிய நீளம் 3 முதல் 258 பைட்டு வரை. 1977-இல் லெம்பல், ஜிவ் ஆகிய இருவர் வகுத்த இந்த உத்தியோடு, அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுகிய குறியீடு வழங்கும் ஹஃப்மனின் 1952-ஆம் ஆண்டு முறையும் சேர்ந்ததே டிஃப்ளேட்.

எனவே ‘சுருக்குதல்’ என்பதே தக்கது என்பது என் துணிபு. சுருக்கம் என்றால் சாரம் மட்டும் மிஞ்சி மற்றவை விடுபட்டுப் போவதல்லவா என்ற தடை எழலாம். கதைச் சுருக்கத்துக்கு அது பொருந்தும், சுருக்குப்பைக்குப் பொருந்தாது. அதைச் சுருக்கும்போது எதுவும் குறைவதில்லை. விரித்தால் முழுமையும் திரும்புகிறது. இலக்கணத்தில் தொகைநிலைத் தொடரும் அத்தகையதே: ‘பால் குடித்தான்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது, அழியவில்லை, விரித்தால் ‘பாலைக் குடித்தான்’ என்று ஓர் எழுத்தும் பிசகாமல் மீள்கிறது. உருபும் பயனும் உடன்தொக்க தொகையில் மறைந்திருப்பது இன்னும் கூடுதல். அங்கும் மீட்சி உறுதியே. மீட்கக்கூடிய மறைவு என்ற கருத்து தமிழிலக்கணத்தில் வேரூன்றியிருக்கும்போது, சுருக்கு, விரி என்னும் இணையை ஐயமின்றி ஆளலாம்.

இனிக் கட்டுதலும் சுருக்குதலும் வெவ்வேறு செயல்கள் என்பதைக் கருவியே காட்டுகிறது. ஆன்டின் டார் பணி, வேறு சொல்லாவிட்டால் கோப்புகளை ஒன்றாகக் கட்டுவதோடு நின்றுவிடும், எதையும் சுருக்காது. ஜிஜிப் பணி ஒற்றைக் கோப்பை மட்டும் சுருக்கும், எதையும் கட்டாது. அதையும் ஆர்க்கைவ் தலைப்பின்கீழ் வைத்தது ஆங்கிலக் கையேட்டின் தாராளம். ஜிப் பணி இரண்டையும் செய்யும். ஆனால் சுருக்க வேண்டாம் என்று ஒரு பண்பின் (பணிக்குத் தரும் அமைப்புக் குறிப்பின்) மூலம் சொன்னால் கட்டுவதை மட்டும் செய்யும். செயல்களின் வரிசையும் மாறுபடுகிறது. டார்.ஜிஇசட் வடிவத்தில் எல்லாம் முதலில் ஒன்றாகக் கட்டப்பட்டு, பிறகு முழுமையாகச் சுருக்கப்படுகின்றன. ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்பட்டு, பிறகு சேர்க்கப்பட்டு, இறுதியில் பொருளடக்கம் எழுதப்படுகிறது. அதனால் ஒன்றையொன்று ஒத்த சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் முன்னது பெரும்பாலும் சிறிதாக அமையும். ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்கவேண்டுமென்றால் பின்னது எளிது. இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுத, காப்பகம் என்ற ஒற்றைச் சொல் துணைசெய்யாது.

கட்டும் செயலுக்கு எந்தச் சொல் என்பதே மீதமுள்ள சிக்கல். ‘தொகுப்பு’ இனிய சொல். எட்டுத்தொகையின் நினைவும் அதில் உண்டு. ஆனால் கணினித் தமிழில் அது ஏற்கெனவே பலருக்கு வாக்களித்துவிட்டது. மூலக் குறிமுறையைக் கம்பைல் செய்வதைத் தொகுத்தல் என்போர் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்தல் என்றால் திருத்துதல். கட்டமைப்புக் கருவியில் ஜாவா நிரலைத் தொகுக்கும் பணியும் அதன் விளைவைக் கட்டும் பணியும் அடுத்தடுத்து வருவதால், இங்கே மயக்கம் உறுதி. ‘கட்டு’ ஓலைக்கட்டை நினைவூட்டும் நல்ல சொல்தான். எனினும் பில்ட் என்பதையே கட்டு, கட்டமை என்று சொல்லிவருகிறோம். ‘சிப்பம்’ அரிசிக்கும் வெல்லத்துக்கும் சந்தையில் வழங்கும் உயிருள்ள சொல். ஜிப் என்பதோடு ஒலியும் ஒத்துப்போவது ஒரு வேடிக்கை. ஆயினும் நிறுவத்தக்க மென்பொருள் பேக்கேஜைக் குறிக்க அது முன்பே ஆளப்பட்டிருக்கிறது. அதற்கே விட்டுவிடுவது நல்லது.

எஞ்சுவது ‘பொதி’. பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடியது என்பது அதன் பெரும் வலிமை. பொதிந்தான், பொதிகிறது, பொதிசோறு, பொருள் பொதிந்த சொல் என எங்கும் உள்ளே அடங்கி மறைந்திருத்தலையும் ஒன்றாகச் சுற்றிக் கட்டுதலையும் அது சேர்த்தே சொல்கிறது. மொட்டு விரிவதைப் பொதியவிழ்தல் என்னும் பழைய வழக்கு இருப்பதால், கோப்புகளை வெளியே எடுக்கும் செயலுக்கு ‘அவிழ்’ என்னும் எதிர்வினையும் கையோடு கிடைக்கிறது. ஆகவே ஆர்க்கைவ் கோப்பைப் பொதிக்கோப்பு என்றும், அளவு குறைக்கப்பட்டதைச் சுருக்கிய பொதி என்றும், உருவாக்குவதைப் பொதிதல் என்றும், பிரிப்பதை அவிழ்த்தல் என்றும் எழுதலாம். நெடுங்காலம் பேண வைப்பதற்கு மட்டும் காப்பகம் நிற்கட்டும்.

இச்சொற்களை வைத்து ஆன்டின் நடைமுறையை எழுதிப் பார்த்தால் அவை தாங்குமா என்பது தெரியும். பொதிவதற்கு ஒரு கோப்பும் அகப்படவில்லையென்றால் ஜிப் பணி, வேறு ஆணை இல்லாதவரை, பொதியை உருவாக்காமல் கடந்துவிடும்; வெற்றுப் பொதியை உருவாக்கவோ, பிழையென்று நிற்கவோ நாம் சொல்லலாம். ஒரே பெயரில் இரு கோப்புகள் வந்தால் இரண்டையும் பொதிந்துவிடுவதே அதன் இயல்பு. அவிழ்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படும் என்பதை அறியாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஜிப் வடிவம் கோப்பின் நேரத்தை இரண்டு நொடி இடைவெளியில்தான் பதியும். அதனால் ஆன்ட் அந்நேரத்தை அடுத்த இரட்டைப்படை நொடிக்கு உயர்த்திப் பதிகிறது. இல்லாவிட்டால் பொதிக்குள் உள்ள படி மூலத்தைவிடப் பழையதாகத் தோன்றி, மாற்றமே இல்லாத கோப்புகள் ஒவ்வொரு முறையும் மறுபடி பொதியப்படும்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவோர் கூடுதலாக அறியவேண்டியது ஒன்று. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; முதற்பைட்டு எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகை. இதனால் தமிழ் உரை நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் ஜிப்பின் பழைய மரபு, பெயர்களை ஐபிஎம்மின் 437-ஆம் குறிப்பக்கம் என்னும் பழைய எழுத்து அட்டவணையின்படி படிப்பது. அப்பக்கத்தில் நம் முதற்பைட்டு கிரேக்க ஆல்ஃபா; இரண்டாவது, இடப்பக்கமோ வலப்பக்கமோ நோக்கும் இரட்டைக் கோண மேற்கோள்குறி. பொதியை அவிழ்த்ததும் பெயர் முழுவதும் ஆல்ஃபாவும் கோணக் குறியும் மாறிமாறி வந்தால், கோப்பு கெடவில்லை, பெயரின் குறியேற்றம் சொல்லப்படவில்லை என்பதே பொருள். ஜிப் பணியின் ‘என்கோடிங்’ பண்பில் யூடிஎஃப்-8 என்று குறித்தால், அதை அறிவிக்கும் அடையாளக் கொடியையும் ஆன்ட் பதிந்துவிடும். டாரில் வேறொரு நெருக்கடி: பழைய வடிவம் பெயருக்கு ஒதுக்கியது 100 பைட்டு மட்டுமே. ஆங்கிலத்துக்கு அது 100 எழுத்து. தமிழுக்கு 33 குறியீடுகளிலேயே நிரம்பிவிடும், ‘கோ’ என்பதே இரண்டு குறியீடாக எண்ணப்படும். இதற்காகவே டார் பணியில் நீண்ட பெயர்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் தனிப் பண்பு உண்டு; அதற்குப் ‘பாசிக்ஸ்’ அல்லது ‘க்னூ’ என்னும் மதிப்பைத் தருவது பாதுகாப்பானது.

வடிவங்களின் பெயர்களைத் தமிழாக்க வேண்டியதில்லை. ஜிப், டார், ஜார் என்பன இடுகுறிப் பெயர்களாகவே நிற்கலாம். ஜாவா ஆர்க்கைவ் என்பதைச் சுருக்கியே ஜார் என்றனர். ஜாடி என்ற பொருளும் ஆங்கிலத்தில் தானாக அமைந்துவிட்டது. அகநானூற்று ஆவணமாக்கள் பொறி நீக்கிய குழிசியை, அதாவது அந்தக் குடத்தை, இங்கே நினைப்போர் புன்னகைக்கலாம். அதற்காக ஜார் கோப்பைக் குழிசி என்று எழுதத் தேவையில்லை. தமிழாக்க வேண்டியவை செயல்களும் விளக்கங்களும். ஆன்டின் கட்டளைக் கோப்பு யூடிஎஃப்-8 எக்ஸ்எம்எல்லாக இருந்தால், ஒவ்வோர் இலக்கின் விளக்கப் பண்பிலும் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை: ‘வெளியீட்டுக் கோப்புகளைப் பொதிந்து சுருக்குகிறது’, ‘பழைய பொதியை நீக்குகிறது’, ‘நூலகப் பொதிகளை அவிழ்க்கிறது’. இலக்குகளைப் பட்டியலிடும் கட்டளையைத் தரும்போது இந்த வரிகள்தான் திரையில் வரும்.