ஏபிடிடி அதிகம் என்றால் ரத்தம் கட்டாது என்று அர்த்தமா?

இரவு பதினொன்றரைக்கு அவசரப் பிரிவிலிருந்து ஃபோன். "மேடம், ஏபிடிடி (ரத்தத்தின் பிளாஸ்மா டியூபில் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை) 68 விநாடி காட்டுது. ரிப்போர்ட்டை நம்பலாமா?" நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வந்த 29 வயதுப் பெண். ஈசிஜியிலும், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையிலும் மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. எங்கள் லேபில் ஏபிடிடி 35 விநாடி வரை சரி.

இப்படி ஒரு எண் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டியூபைத்தான். நீல மூடி போட்ட அந்த டியூபில், ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் கொஞ்சம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. நரம்பு கிடைக்காமல் பாதி டியூபோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிஞ்சிப்போய், ரத்தம் உறையத் தாமதிப்பதுபோலக் காட்டும். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தாலும் எண் எகிறிவிடும். (சிஸ்டர்களைக் குறை சொல்லவில்லை. வலியில் துடிப்பவரின் கையில் நரம்பு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.)

புது சாம்பிள் கேட்டேன். கோடு வரை நிரம்பிய டியூப் வந்தது. 66 விநாடி. ஹெப்பாரின் இன்னும் ஆரம்பிக்கவில்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை.

நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம், சிடி எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெண்ணின் அண்ணன் கேட்டாராம்: "ரத்தம் உறையவே லேட் ஆகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி சார் கட்டி வரும்?"

நியாயமான கேள்வி. பதில் டியூபுக்குள் இருக்கிறது. ஏபிடிடி பார்க்கும்போது பிளாஸ்மாவில் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்ப்போம். சிலருடைய ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், டியூபில் உறைதல் தாமதமாகும். உடம்புக்குள்ளோ அதே எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் தூண்டிவிட்டு ரத்தத்தைக் கட்டவைக்கும். இதற்கு 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்று பெயர். பெயரே ஏமாற்று. இது இருக்கும் பலருக்கு லூபஸ் நோய் கிடையாது. உடம்புக்குள் இது உறைதலைத் தடுப்பதும் இல்லை.

அந்தப் பெண்ணின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்த்தேன். ஏதாவது உறைதல் காரணி (ரத்தம் உறையத் தேவையான புரதம்) குறைந்திருந்தால், கலந்ததும் எண் சரியாகிவிடும். இங்கே 57-க்குக் கீழே இறங்கவில்லை. சிடியில் வலது நுரையீரல் தமனியில் கட்டி. ஏபிடிடி ஆரம்பத்திலேயே நீண்டிருந்ததால் அதை வைத்து ஹெப்பாரின் அளவைக் கணக்கிட முடியாது. அதனால் ஏபிடிடி பார்த்து அளவு மாற்றத் தேவையில்லாத எனாக்ஸாபரின் ஊசி போட்டார்கள்.

காரணி குறைந்தாலும் எல்லோருக்கும் ரத்தம் கொட்டுவதில்லை. அமெரிக்க ரயில்வே ஊழியர் ஜான் ஹேகிமனின் ரத்தம் டியூபில் உறைய மிக அதிக நேரம் பிடித்தது. 1955-இல் அவரை வைத்துத்தான் 12-ஆம் காரணிக் குறைபாட்டை விவரித்தார்கள். ரத்தப்போக்குத் தொல்லையே இல்லாத அவர், 1968-இல் இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு நுரையீரல் ரத்தக்கட்டியால் இறந்தார்.

உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் டி-டைமர் விஷயம் இன்னொரு குழப்பம். கொரோனாவுக்குப் பிறகு டாக்டர் சொல்லாமலே எடுத்துப்பார்ப்பவர்கள் அதிகம். காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், வயது, எதனாலும் அது ஏறும். ஏறியிருந்தால் கட்டி என்று சொல்ல முடியாது. சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு எண்ணும் குறைவாக இருந்தால், நுரையீரலில் கட்டி இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம், அதற்குத்தான் அது. மாரடைப்பு இல்லை என்று சொல்ல அது உதவாது.

அப்புறம், ஸ்டென்ட் வைத்த சிலர் 'பிடி, ஐஎன்ஆர் நார்மல், அப்போ மாத்திரை வேலை செய்யலை' என்று முடிவுகட்டுகிறார்கள். பிடி, ஐஎன்ஆர் இரண்டும் உறைதல் காரணிகளைப் பார்க்கும் பரிசோதனைகள், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத்தான் அளவு பார்க்க உதவும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்களில் வேலை செய்பவை, இந்த எண்களை மாற்றாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

மறுபடி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். தொற்று வந்தாலும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் போன்ற எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தலைகாட்டும், அதனால் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அவர் இப்போது சாப்பிடும் வார்ஃபரின் (உறைதலைத் தடுக்கும் மாத்திரை) லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையைக் குழப்பும் என்பதால், அதே வகையைச் சேர்ந்த கார்டியோலிபின் எதிர்ப்பொருளைப் பார்த்தோம். இரண்டு முறையும் அதிகம். வார்ஃபரின் அளவு சரியா என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டுக்காக இப்போது மாதாமாதம் அண்ணன்தான் கவுன்டருக்கு வருகிறார். போன வாரம் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐஎன்ஆர் 2.4. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதான் மேடம் இருக்கு" என்று எனக்கே விளக்கிவிட்டுப் போனார்.